ஊர் சுற்றி வந்தால் உரிமை

ஐரோப்பியக் குடிவரவுச் சட்டத்தில் ஒரு விந்தை உண்டு. சொந்த நாட்டை விட்டு அசையாத குடிமகனுக்கு இல்லாத உரிமை, அயல்நாட்டில் உழைத்துத் திரும்பியவனுக்குக் கிடைத்தது.

சுரீந்தர் சிங் வழக்கே அதன் மூலம். இந்தியரான அவர் 1982இல் இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் பிரித்தானியப் பெண்ணொருவரை மணந்தார். 1983 முதல் 1985 வரை இருவரும் ஜேர்மனியில் வேலை செய்தனர்; பின்னர் வியாபாரம் தொடங்க இங்கிலாந்து திரும்பினர். மணவாழ்வு முறியவே, அவரை நாடுகடத்த அரசு முனைந்தது. துணையுடன் திரும்ப முடியாதெனில் எவரும் பிறநாட்டுக்கு வேலைக்குச் செல்லத் தயங்குவர் என்பது 1992 ஜூலை 7இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறிய நியாயம். ஆகவே திரும்பி வருபவரின் துணைக்கும் ஐரோப்பியச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்றது. அப்போது அத்தம்பதியர் மணவிலக்குப் பெற்று மூன்றாண்டுகள் கடந்திருந்தன!

2012இல், வெளிநாட்டுத் துணையை அழைக்க ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் வேண்டுமெனப் பிரித்தானியா விதித்தபோதே இத்தீர்ப்பின் அருமை பலருக்குப் புரிந்தது. சம்பளம் குறைந்தோர் சிலர் அயர்லாந்தில் சில மாதங்கள் உழைத்துத் துணையோடு திரும்பினர். இதைக் குறுக்குவழி என்று ஏசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நேர்வழிக்கு விலை வைத்தது அரசுதானே? வார இறுதிப் பயணங்கள் போதா, அயல்நாட்டு வாழ்க்கை மெய்யானதாக இருக்கவேண்டும் என்று 2014இல் அதே நீதிமன்றம் வரையறுத்தது.

2020 டிசம்பர் 31உடன் பிரித்தானியாவில் புதியவர்களுக்கு இவ்வாயில் அடைபட்டது. வருமான வரம்போ 2024இல் 29,000 பவுணாயிற்று. பிரெஞ்சுக்காரரும் ஜேர்மானியரும் இன்றும் இவ்வழியே வீடு திரும்புகின்றனர்.