600 டாலர்க் கணக்கு: ‘பிளீச்’ இசைத்தட்டின் பின்னட்டைக் குறிப்பு பற்றிய ஓர் ஆராய்ச்சி

1989 ஜூன் மாதத்தில் சியாட்டில் நகரத்துச் சப் பாப் நிறுவனம் வெளியிட்ட, நிர்வானா குழுவினரின் முதல் இசைத்தட்டாகிய ‘பிளீச்’சின் பின்னட்டையில், ஒலிப்பதிவு நிகழ்ந்த நகரம், கூடம், பதிவாளர் ஜாக் எண்டினோ ஆகிய விவரங்களைக் கூறி, ஆன செலவு 600 டாலர் என்று முடிகிற ஒரு வரி அச்சாகியுள்ளது. கிரன்ஜ் இசையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலோர் இவ்வரியை எடுத்தாண்டிருக்கின்றனர். எடுத்தாண்டவர்கள் ஏறக்குறைய ஒரே பொருளையே அதற்குக் கற்பித்தும் இருக்கின்றனர். பெருநிறுவனங்களின் ஆடம்பரத்தை வெறுத்தும், பயிற்சியின்மையையே ஒரு பெருமையாகக் கொண்டும் திரிந்த இளைஞர் சிலர், கைக்கு எட்டிய சொற்பப் பொருளைக் கொண்டு அலட்சியமாக ஒரு தட்டைச் செய்து முடித்தனர் என்பதற்கு அவ்வரி சாசனமாக நிற்கிறது என்பது அவர்தம் அபிப்பிராயம். இந்த அபிப்பிராயம் எனக்கு உடன்பாடன்று. அவ்வரியை அதே அட்டையிலுள்ள ஏனைய பெயர்க் குறிப்புகளோடு சேர்த்து வாசிக்குமிடத்து, அது கூலி வேலை செய்து பிழைத்த இசைஞர்களின் வரவு செலவுக் கணக்கொன்றில் செலவுப் பத்தி மாத்திரமே என்பதும், வரவுப் பத்தி அதே அட்டையில் வேறோர் உருவில் எழுதப்பட்டிருக்கிறது என்பதும் புலனாகும் என்றே கருதுகிறேன்.

முதற்கண் தொகையை எடுத்துக்கொள்வோம். உண்மையில் செலுத்தப்பட்டது 606 டாலர் 17 சென்ட். பின்னட்டை அதனை முழு எண்ணாகக் குறைத்துக்கொண்டது. 1988 டிசம்பர் 24 முதல் மறு ஜனவரி 24 வரை விட்டுவிட்டு நடந்த அமர்வுகளில், ஏறத்தாழ 30 மணி நேர வேலைக்கு இத்தொகை ஆயிற்று; அதாவது மணிக்கு 20 டாலருக்குச் சற்று மேல். இதனை மலிவு என்று கூறும் ஆசிரியர்கள் எந்த அளவுகோலைக் கையாள்கின்றனர் என்று வினவினால், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் பெருங்கூடங்களின் வாடகையையே கையாள்கின்றனர் என்பது தெரியவரும். அந்த அளவுகோல் நிறுவனங்களுக்கு உரியது. தட்டைச் செய்தவர்களுக்கு உரியதன்று. 1988-இல் அமெரிக்க மத்திய அரசு விதித்திருந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3 டாலர் 35 சென்ட். அக்கூலியால் வகுத்துப் பார்த்தால் 606 டாலர் என்பது ஏறக்குறைய 181 மணி நேர உழைப்பு ஆகிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் என்று கொண்டால், வரிப் பிடித்தமோ வீட்டு வாடகையோ உணவோ எதுவும் கழியாமல், ஒருவன் நான்கரை வாரம் உழைத்துச் சேர்க்கவேண்டிய பொருள் அது. இந்நிலையில் உள்ளவர்கள் அலட்சியமாக ஒரு தட்டைச் செய்தனர் என்பது நம்பத் தகுவதாக எனக்குத் தோன்றவில்லை.

இக்கணக்கு வெறும் அனுமானம் என்று தள்ளப்படாமல் இருக்க, அதற்கு ஓராண்டுக்கு முந்திய நிகழ்ச்சியொன்றை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1988 ஜனவரி 23-ஆம் நாள், நிர்வானா குழுவின் கர்ட் கோபேனும் கிறிஸ்ட் நோவோசெலிக்கும், மெல்வின்ஸ் குழுவின் தாள வாத்தியக்காரரான டேல் குரோவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, சியாட்டிலின் பாலார்ட் பகுதியில் முக்கோண வடிவக் கட்டிடமொன்றில் இயங்கிய ரெசிப்ரகல் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தனர். ஏறத்தாழ 6 மணி நேரத்தில் பத்துப் பாடல்கள் பதிவாயின. கட்டணம் 152 டாலர் 44 சென்ட். இதனைக் கோபேன், துப்புரவுப் பணியாளராகத் தாம் பெற்ற கூலியிலிருந்து செலுத்தினார். முன் சொன்ன குறைந்தபட்சக் கூலியையே அளவாகக் கொண்டால், 45 மணி நேரத்துக்கு மேல் தரை கூட்டிப் பெற்ற பணம் கூடத்துக்குள் 6 மணி நேரத்தை வாங்கியது. கடைசிப் பாடலின் நடுவே ஒலிநாடா தீர்ந்துபோனமையால், அப்பாடல் முடிவுக்கு வராமலே ஒலி தேய்ந்து மறைகிறது. அன்று மாலையே அவர்கள் டக்கோமா நகரத்து அரங்கொன்றுக்குச் சென்று கச்சேரியும் செய்தனர். பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே பாடல்கள் பதிவானமையை, திருத்த மனமில்லாத தான்தோன்றித்தனத்தின் அடையாளமாக முந்தைய ஆசிரியர்கள் விளக்குவர். மணி ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு முழு நாள் கூலியை எண்ணி வைப்பவன், பாட்டைக் கூடத்துக்குள் வந்து கற்றுக்கொள்வதில்லை. வெளியே, வாடகை கொடுக்கவேண்டாத இடத்தில், பிழையறப் பழகிக்கொண்டுதான் வருகிறான். முதல் முயற்சியிலேயே முடித்தல் என்பது ஒத்திகையின் பயன். அவசரத்தின் பயன் என்று கொள்வதற்குச் சான்று இல்லை.

எண்டினோவைப் பற்றியும் இங்கே ஒரு சொல் கூறுதல் தகும். மின்பொறியியல் பயின்று, பிரெமர்ட்டனில் உள்ள கடற்படைக் கப்பல் தளத்தில் சிவிலியன் பொறியாளராகப் பணியாற்றி, பின் அவ்வேலையை விட்டு ஒலிப்பதிவுக்கு வந்தவர் அவர்; ஸ்கின் யார்டு என்னும் குழுவில் கிட்டார் வாசித்தவரும் கூட. எட்டுத் தடங்கள் மாத்திரமே கொண்ட பதிவுக் கருவியில், எந்த ஒலியை எந்தத் தடத்தில் வைப்பது என்ற தீர்மானத்தைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்க இடமில்லை. இசைஞனும் பதிவாளனும் தத்தம் தொழிலைத் திண்ணமாக அறிந்திருந்தாலன்றி அத்தகைய கருவியில் ஆறு மணி நேரத்தில் பத்துப் பாடல்கள் அமைவது அரிது. அன்றைய பதிவைக் கேட்டு வியந்த எண்டினோ தாமே ஒரு படியெடுத்துச் சப் பாப் நிறுவனத்தின் ஜொனாதன் போன்மனிடம் கொடுத்தார் என்பதும், அதன் வழியாகவே நிறுவனம் இக்குழுவை அறிந்தது என்பதும் பிரசித்தம். ஆகவே, பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் தட்டுக்களிலெல்லாம் மிகுதியாக விற்ற ‘பிளீச்’சுக்கு முதன்முதல் மூலதனம் இட்டது ஒரு துப்புரவுப் பணியாளரின் சம்பளம் என்று சொல்வது மிகையாகாது. அன்றைய பதிவிலிருந்தே இரண்டு பாடல்கள் இசைத்தட்டில் இடம்பெற்றன. ஒரு முறை விலை கொடுத்து வாங்கிய நேரம் இரண்டு முறை பயன்பட்டது.

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். பின்னட்டை வரி, 600 டாலர் செலவாயிற்று என்கிறது; செலுத்தியவர் யார் என்று அவ்வரி கூறவில்லை. கோபேனிடமும் நோவோசெலிக்கிடமும், புதிய தாள வாத்தியக்காரரான சாட் சானிங்கிடமும் அத்தொகை இல்லை. அதனைத் தந்தவர் சானிங்கின் நண்பரான ஜேசன் எவர்மன். அலாஸ்காவில் மீன்பிடித் தொழிலில் ஈட்டிய சேமிப்பு அவரிடம் இருந்தது. அதே அட்டையில் எவர்மனின் பெயர் கிட்டார் வாசித்தவராகப் பொறிக்கப்பட்டுள்ளது. முகப்பில் உள்ள படத்திலும் அவர் நிற்கிறார். ஆயினும் இத்தட்டில் அவர் ஒரு ஸ்வரமும் வாசிக்கவில்லை. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. குழுவினரே பலமுறை ஒப்புக்கொண்ட செய்தி இது. அவர் குழுவில் சேர்ந்ததே பதிவு முடிந்த பின்னர்தான்.

முந்தைய ஆராய்ச்சி இவ்விரு குறிப்புகளையும் தனித்தனியே வைத்துப் பார்த்தது. செலவுக் குறிப்பை மலிவுக் கொள்கையின் பிரகடனமாகவும், எவர்மனின் பெயரைச் சுவையான பிழையாகவும் கொண்டு, முன்னதற்கு அதிகாரமும் பின்னதற்கு அடிக்குறிப்பும் ஒதுக்கிற்று. நான் இவ்விரண்டையும் ஒரே கணக்கின் இரு பதிவுகளாக வாசிக்கிறேன். ஒருவர் கடலில் உழைத்த பணம் கூடத்தின் வாடகையாக மாறிற்று. வாடகைக்கு ஈடு செய்யக் குழுவினரிடம் பணம் இல்லை. இருந்தது ஒன்றே, அட்டையில் பெயர் பொறிக்கும் உரிமை. அந்த உரிமையில் ஒரு பங்கை அவர்கள் கடன் கொடுத்தவருக்கு அளித்தனர். அவ்வாறு நோக்கினால், செய்யாத வேலைக்குத் தரப்பட்ட அந்தப் பெயர், செய்த வேறொரு வேலைக்குத் தரப்பட்ட ஊதியமாகிறது. தொகையைச் சொல்லி ஆளைச் சொல்லாத வரியும், ஆளைச் சொல்லி அவர் தந்ததைச் சொல்லாத பெயரும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. ஒன்றை நீக்கினால் மற்றொன்று பொருளற்றுப் போகிறது.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழக்கூடும். புதிதாக வந்த நண்பர் தம்மை அன்னியராக உணராதிருக்கவே அவர் பெயரைச் சேர்த்ததாகக் குழுவினர் கூறியுள்ளனர். அதற்கு மேல் ஒரு பொருளாதாரக் காரணத்தை நாம் புகுத்துவது முறையா என்று கேட்கலாம். கூறியவர்களின் வாக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் நட்பும் கடனும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. கைமாற்று வாங்கிப் பிழைப்பவர்களிடையே அவை பெரும்பாலும் ஒரே உறவின் இரு பெயர்களாகவே வழங்குகின்றன. மேலும், அப்பணம் அவருக்குத் திருப்பித் தரப்படவில்லை என்றே குழுவின் வரலாறுகள் சொல்கின்றன. 1989 கோடையில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் பாதியில் முறிந்து எவர்மன் குழுவை விட்டு நீங்கிய பின்னரும் அட்டையில் அவர் பெயர் நிலைத்தது. இதனை என் வாசிப்பின் நிரூபணம் என்று கொள்ளும் துணிவு எனக்கில்லை. மறுக்கும் சான்றாக இல்லை என்ற அளவில் கொள்கிறேன்.

அட்டையில் மற்றோர் உழைப்பும் இவ்வாறே மறைந்திருக்கிறது. முகப்புப் படத்தை எடுத்த பெண்மணி அக்காலத்தில் ஒலிம்பியாவில் கோபேனுடன் வாழ்ந்தவர். போயிங் விமானத் தொழிற்சாலையின் உணவகத்தில் வேலை செய்து குடித்தனச் செலவின் பெரும்பகுதியைத் தாங்கியவர். படமெடுத்தவர் என்ற அளவிலேயே வரலாறு அவரை அறியும். ஆயினும் கோபேன் பகல் முழுவதும் பாட்டெழுதிக்கொண்டிருந்த நாட்களுக்கு விலை கொடுத்தவர் அவரே. இவ்விலை அந்த 600 டாலரில் அடங்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்கையில், தொகை சிறிது என்று வியப்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைந்துவிடுகிறது.

அப்படியானால் மலிவுக் கதை எங்கிருந்து பிறந்தது? நிறுவனத்தின் விளம்பரத்திலிருந்து என்பதே என் விடை. 1989 மார்ச்சில் லண்டனின் மெலடி மேக்கர் இதழுக்காக எழுதிய எவரெட் ட்ரூ, சப் பாப்பின் அழைப்பின்பேரில் சியாட்டிலுக்கு வந்து, நிர்வானா குழுவினரைப் பற்றிக் கூறுகையில், இசை இல்லையேல் இவர்கள் கடையிலோ மரக்கிடங்கிலோ வேலை பார்த்துக்கொண்டிருப்பர் என்ற பொருள்பட எழுதினார். பின் வந்த ஆராய்ச்சியாளர் பலரும் அந்த ‘இல்லையேல்’ என்னும் நிபந்தனையைப் பரிசோதியாமல் ஏற்றுக்கொண்டனர். உண்மை நிலையோ வேறு. அவர்கள் வேலையும் பார்த்தனர், இசையும் செய்தனர்; முதலாவதின் கூலியால் இரண்டாவது நடந்தது. சப் பாப் வட்டத்தைச் சேர்ந்த மட்ஹனி குழுவின் மாட் லூகின் தச்சுத் தொழிலாளி. அக்குழுவின் மார்க் ஆர்மும், சப் பாப்பை நிறுவிய புரூஸ் பாவிட்டும், கடைகளுக்குப் பின்னணி இசை வழங்கும் மியூசாக் நிறுவனத்தில் ஒலிநாடாப் பெட்டிகளோடு மல்லாடியவர்கள். ஐடஹோவில் முறையாக இசை பயின்ற இசைஞர் டாட் டாயிலை மரவெட்டியாகவும் கசாப்புக்காரராகவும் காட்டிய சப் பாப் நிறுவனம், அவர் பயின்ற இசையைப் பற்றி மௌனம் சாதித்தது. உழைப்பாளியின் தோற்றம் விற்பனைக்கு உதவிற்று. உழைப்பாளி தேர்ச்சி பெற்றவன் என்ற செய்தி உதவவில்லை. பின்னட்டையில் 6 டாலர் 17 சென்ட்டைக் கழித்து 600 என்று அச்சிட்டதிலும் இந்த வியாபார நோக்கே தொழிற்பட்டிருக்க வேண்டும் என்று ஐயுறுகிறேன். சில்லறையோடு கூடிய தொகை ரசீதைப் போல் தோன்றும். முழு எண்ணோ பறைசாற்றுதற்கு ஏற்றது.

பங்க் இசையின் அழகியலே அமெச்சூர்த்தனத்தைப் போற்றுவதுதானே, ‘பிளீச்’சின் கரடுமுரடான ஒலியே அதற்குச் சான்றன்றோ என்பார்க்கு விரிவான விடை தேவையில்லை. ஒலி கரடாக இருப்பது ஒன்று, அதனைச் செய்தவன் கைதேராதவனாக இருப்பது மற்றொன்று. டிசம்பர் 24 அமர்வில் பதிந்தவற்றுள் பெரும்பகுதியை மனநிறைவின்றி ஒதுக்கிவிட்டு, பின் நாட்களில் மீண்டும் பதிந்தனர் என்பது ஒன்றே போதும். கூலி கொடுத்துப் பெற்றதைக் குறைபாடு கண்டு கழிப்பவன் எதுவும் போதும் என்று இருப்பவன் அல்லன்.

பணத்தின் மதிப்பை இவ்விசைஞர்கள் அறிந்தே இருந்தனர் என்பதற்கு இறுதியாக ஓர் ஆவணத்தைக் காட்டலாம். சப் பாப் அதுவரை எக்குழுவுடனும் நீண்ட ஒப்பந்தம் எழுதியதில்லை. ஒப்பந்தம் வேண்டும் என்று பாவிட்டின் வீட்டுக்கே சென்று கேட்டுப் பெற்றவர் நோவோசெலிக். 1989 ஜனவரி முதல் நாளிலிருந்து செல்லுபடியாகும் அவ்வேட்டின்படி முதலாண்டுக்கு 600 டாலர், இரண்டாமாண்டுக்கு 12,000 டாலர், மூன்றாமாண்டுக்கு 24,000 டாலர் என்று முன்பணம் வரையறுக்கப்பட்டது. முதலாண்டுத் தொகையும் பின்னட்டைத் தொகையும் ஒன்றாயிருப்பது தற்செயலாக இருக்கலாம். எனினும் குழுவினரின் ஓராண்டு உழைப்பை, எவர்மன் முன்னரே செலுத்திவிட்ட கூடவாடகை அளவுக்கு மேல் நிறுவனம் மதிக்கவில்லை என்பது வெளிப்படை. பின்னர் நிர்வானா குழுவினர் கெஃபன் நிறுவனத்தின் டிஜிசி கிளைக்கு மாறி 1991 செப்டம்பரில் ‘நெவர்மைண்ட்’ வெளிவந்தபோது, பணமுடையில் தத்தளித்த சப் பாப்புக்கு விடுவிப்புத் தொகையும் விற்பனையில் ஒரு பங்கும் கிடைத்தன. அவற்றைக் கோருவதற்கு நிறுவனத்தின் கையில் இருந்த ஒரே பத்திரம், நோவோசெலிக் வற்புறுத்தி எழுதச் செய்த அந்த ஒப்பந்தமே.