தோட்டத்துப் பிள்ளைகள் வெளிநாட்டு மருத்துவச் சேவைக்குப் போக முடியுமா? தெரிந்துகொள்ள வேண்டியவை

பகாவ், ரந்தாவ், போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பலருக்கு முதலில் தெரிந்த 'டாக்டர்' தோட்டத்து டிரஸர்தான். காய்ச்சல் என்றாலும் கையில் வெட்டுக்காயம் என்றாலும் அவரிடம்தான் ஓடுவார்கள். இன்று அதே லயத்து வீடுகளிலிருந்து வந்த தாதியர், மருந்தாளர், டாக்டர்கள் இருக்கிறார்கள். போர், நிலநடுக்கச் செய்திகளைப் பார்த்துவிட்டு, "நாமும் போய் உதவலாமா?"ன்னு கேட்கிற இளைஞர்களும் உண்டு. போகலாம். ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

உதவி ஒரு காலத்தில் நமக்கும் வந்ததா?

ஆமாம். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர்கள் மலாயா தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். பெரும் எண்ணிக்கையினர் திரும்பி வரவே இல்லை. போர் முடிந்தபோது தோட்டங்களில் மிஞ்சியது நோயும் பட்டினியும்தான்.

1946-ல் இந்திய தேசிய காங்கிரஸ் மலாயாவுக்கு ஒரு மருத்துவக் குழுவை அனுப்பியது. ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அந்தக் குழுவின் பணியில் சேர்ந்தார். பின்னாளில் செனட்டரான ஜானகி ஆதி நாகப்பன் இவர்தான். அவர் டாக்டர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியென்றால் டாக்டர் இல்லாதவர்களும் போகலாமா?

தாராளமாக. ஒரு கள மருத்துவமனை நடக்க டாக்டர், தாதி, மருத்துவச்சி, மருந்தாளர் மட்டும் போதாது. ஜெனரேட்டரை ஓட்டவும், சுத்தமான தண்ணீர் கொண்டுவரவும், மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளவும், கணக்கு எழுதவும் ஆள் வேண்டும். தோட்டத்துப் பட்டறையில் கற்ற மெக்கானிக் வேலையும் அனுபவத்தோடு சேர்ந்தால் மதிப்புள்ளதுதான்.

எந்த அமைப்புகள் இருக்கின்றன?

மலேசியாவில் நன்கு அறியப்பட்டது மெர்சி மலேசியா. மகப்பேறு மருத்துவர் ஜெமிலா மாமூட் 1999-ல் தொடங்கியது. 2004 சுனாமிக்குப் பிறகு ஆச்சேயில் பணியாற்றியது. இதில் தன்னார்வலர்கள் பெரும்பாலும் குறுகிய காலத்துக்குப் போய் வருவார்கள்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1971-ல் பிரான்சில் தொடங்கியது. 1999-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. இங்கே பெரும்பாலான பணிகளுக்குச் சம்பளம் உண்டு. பயணம், தங்குமிடம், காப்புறுதி ஆகியவற்றையும் அமைப்பே பார்த்துக்கொள்ளும். ஆனால் முதல் பணி பொதுவாகப் பல மாதங்கள் நீடிக்கும். அறுவை சிகிச்சை நிபுணர்கள், மயக்க மருந்து நிபுணர்கள் சில வாரங்களுக்கும் போகலாம்.

படிப்பு முடிந்ததும் கிளம்பலாமா?

முடியாது. மலேசியாவில் டாக்டர்கள் முதலில் பயிற்சி மருத்துவர் காலத்தை முடித்து முழுப் பதிவு பெற வேண்டும். தாதியரும் மருத்துவ உதவியாளர்களும் தங்கள் வாரியப் பதிவை வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல், துறையில் சுமார் இரண்டு வருட அனுபவத்தைப் பல அமைப்புகள் எதிர்பார்க்கின்றன. அரசாங்க வேலையில் இருந்தால் விடுப்புக்கும் அனுமதிக்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

நல்ல மனசு இருந்தால் போதாதா?

போதாது. அதற்கு நெகிரி செம்பிலானே சாட்சி. 1998-99-ல் பேராக்கில் தொடங்கி, புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளைத் தாக்கிய நோயை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் நோய் நிற்கவில்லை. பன்றிகளிடமிருந்து பரவிய புதிய வைரஸ் அது என்பதை மலாயா பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் கண்டறிந்த பிறகுதான் சரியான பாதை தெரிந்தது. வெளிநாட்டு நிபுணர்களும் வந்து உதவினார்கள். மொத்தத்தில் நாட்டில் 105 பேர் இறந்துவிட்டார்கள். அந்த வைரஸுக்கு இன்றும் நிப்பா என்றுதான் பெயர்.

உதவப் போகிறவர் முதலில் உள்ளூர் மக்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

ஆபத்து உண்டா?

உண்டு, மறைக்க வேண்டாம். 2003-ல் பாக்தாத்தில் டாக்டர் ஜெமிலாவே துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்தார். 2015 அக்டோபர் 3-ஆம் தேதி ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் நடத்திய மருத்துவமனை மீது அமெரிக்க விமானம் குண்டு வீசியதில் 42 பேர் இறந்தார்கள். அதனால் காப்புறுதி, வெளியேற்றத் திட்டம், திரும்பிய பின் மனநல உதவி ஆகிய மூன்றையும் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தகுதியைக் கேட்காமல் பெரிய தொகையை மட்டும் கேட்கிற 'தன்னார்வப் பயணம்' என்றால் விலகிவிடுங்கள்.

அம்மா அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

டிக்கெட் எடுத்த பிறகு சொல்லாதீர்கள். வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி யார் இருக்கிறார்கள், நீங்கள் இல்லாத மாதங்களில் கார் தவணையை யார் கட்டுவார்கள் என்ற கணக்கை முதலில் போடுங்கள். அந்தக் கணக்கு சரியாக இருந்தால் பேச்சும் சுலபமாகும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

செம்பிறைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ முதலுதவிப் பயிற்சி எடுங்கள். வெள்ள நிவாரண மையத்தில் ஒரு வாரம் வேலை செய்து பாருங்கள். தூக்கமில்லாத மூன்றாவது நாளிலும் பொறுமையாகப் பேச முடிகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். முடிந்தால் விண்ணப்பியுங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை, நம்ம தோட்டத்திலேயே சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு ஆள் தேவைப்படுகிறது.