மூடியைக் கழற்றிய கைகள்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே, சாம்பல்தீவை அண்டியுள்ள கடலோரக் கிராமம் சல்லி. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலின் பொங்கலுக்குச் சென்றிருந்தபோது, எனது பழைய கமராவின் லென்ஸ் மூடி மணலில் விழுந்துவிட்டது. பொங்கல் பானைகளுக்கும் கால்களுக்கும் இடையில் அதனைத் தேடிக்கொண்டிருந்தேன். பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் கண்டெடுத்து வந்து, “ஐயா, இது என்ன, போத்தல் மூடியோ?” என்று கேட்டான்.

அவன்மீது பிழையில்லை. அவன் அறிந்த கமரா கைத்தொலைபேசிக்குள் இருப்பது. அதற்கு மூடியே கிடையாது.

இன்று தூசிக்கும் உப்புக்காற்றுக்கும் காவலாக மட்டுமே எண்ணப்படும் இந்த மூடி, ஒரு காலத்தில் கமராவின் மிக முக்கியமான உறுப்பாக இருந்தது. 1839 இல் டாகுவேர் தமது முறையை உலகுக்கு அறிவித்தபோது, கமராவில் இன்று நாம் அறிந்தவாறான ‘ஷட்டர்’ இருக்கவில்லை. மூடியைக் கழற்றினால் படம் தொடங்கும். மீண்டும் பொருத்தினால் முடியும். இடைப்பட்ட நேரத்தைப் படப்பிடிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தோ, வாய்க்குள் எண்ணியோ அளந்தார். 1851 இல் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகடு முறையிலும் இதுவே நடைமுறை. தகடு காய்வதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்பது மட்டும் மேலதிகத் தலையிடி.

அத்தகைய ஒரு மூடி இலங்கைக்கும் வந்தது. கோல்புறூக் – கமரூன் சீர்திருத்தத்தை நமது வரலாற்றுப் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். அந்தக் கமரூனின் மனைவிதான் ஜூலியா மார்கரெட் கமரூன். 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், பிள்ளைகள் பரிசாகக் கொடுத்த கமராவோடு இக்கலையைத் தொடங்கி, ஆங்கிலக் கவிஞர் டெனிசனையும் விஞ்ஞானி டார்வினையும் படமெடுத்தவர். 1875 இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879 இல் மலைநாட்டிலேயே காலமானார். பொகவந்தலாவையில் அவரது கல்லறை இருக்கிறது.

அவர் இங்கு எடுத்தவற்றில் நமக்குக் கிடைப்பவை முப்பதுக்கும் குறைவு. தோட்டங்களில் உழைத்த தமிழரும் உள்ளூர்ச் சிங்களவரும் அவற்றில் இருக்கின்றனர். அவர் மூடியைக் கழற்றிய கணத்திலிருந்து திரும்பப் பொருத்தும் வரை அவர்கள் அசையாது நின்றார்கள். இங்கிலாந்தில் எடுத்த படங்களில் அமர்ந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரியும். இலங்கைப் படங்களிலோ அநேகரின் பெயர் எங்கும் குறிக்கப்படவில்லை. அத்தனை நேரம் அசையாது நின்றவர்களிடம் ஒரு பெயரைக் கேட்டு எழுதிவைக்க முடியாமலா போயிற்று என்று அப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பதுண்டு.

1870களின் பிற்பகுதியில் உலர்தகடுகள் வேகம் பெற்றன. வெளிச்சத்தை ஒரு விநாடிக்கும் குறைவாக அனுமதிக்க வேண்டியிருந்தது. மனிதக் கைக்கு அந்த விரைவு இல்லை. பொறிகள் அவ்வேலையை ஏற்றன. மூடி வெறும் மூடியாயிற்று.

ஆயினும் எங்கள் தலைமுறைக்கு அது வெறும் மூடியன்று. லைக்கா போன்ற கமராக்களின் உள்ளே இருப்பது துணித்திரை. மூடியின்றித் தோளில் தொங்கவிட்டு வெயிலில் நடந்தால், சிறுவயதில் பூதக்கண்ணாடியால் கடதாசியை எரித்தோமே, அதேபோல் சூரியன் திரையில் ஓட்டை போட்டுவிடும். அதே கமராவில் வேறொரு பொறியும் உண்டு. பார்க்கும் துவாரம் லென்ஸிலிருந்து தனியானது என்பதால், மூடி கழற்றப்படாமல் இருந்தாலும் காட்சி தெளிவாகத் தெரியும். ஒரு கல்யாண வீட்டில் தாலி கட்டும் வேளை முழுவதையும் அவ்வாறு ‘எடுத்து’ முடித்தவன் நான். கழுவிய பிலிம் கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தது. பின்னர் பென்டாக்ஸ் கே1000 வாங்கினேன். லென்ஸூடாகவே பார்க்கும் கமரா அது, மூடியிருந்தால் இருட்டு. ஆனால் அதன் ஒளிமானியை நிறுத்த ஆளி இல்லை. பற்றரியைக் காப்பாற்ற வேண்டுமானால் மூடியைப் போடுவதே வழி.

இந்தத் தவறு எம்மோடு நின்றதன்று. வெள்ளிக் கிரகத்தில் 1975 இல் இறங்கிய சோவியத் விண்கலங்களான வெனேரா 9, 10 ஆகிய இரண்டிலும் தலா ஒரு கமராவின் மூடி கழலவில்லை. 1978 இல் சென்ற வெனேரா 11, 12 இரண்டிலும் எந்த மூடியுமே கழலாததால் ஒரு படமும் கிடைக்கவில்லை. 1982 இல் வெனேரா 14 இன் மூடி ஒழுங்காகக் கழன்றது. ஆனால் மண்ணின் இறுக்கத்தை அளக்க நீண்ட கரம் சரியாக அந்த மூடியின்மேலேயே போய் அமர்ந்தது. கோடிக்கணக்கான மைல் கடந்து சென்று மூடியை அளந்தார்கள்.

திருகோணமலைக்குத் திரும்புவோம். துறைமுகத்தையும் கடற்படைத் தளத்தையும் கொண்ட இந்நகரில் யுத்த காலத்தில் கமராவோடு நடப்பதே ஒரு விளக்கத்தை வேண்டி நிற்கும் செயல். மூடி போட்ட கமரா பயணியின் பொருள். மூடி கழன்ற கமரா கேள்விக்குரியது. சோதனைச் சாவடி கண்ணில் பட்டதும் விரல்கள் தாமாகவே மூடியைத் தேடும். நகரில் ஸ்ரூடியோ வைத்திருந்த முதியவர் ஒருவர் எங்களிடம் சொல்வார்: “தம்பியவை, எப்ப திறக்கிறது எண்டு தெரிஞ்சால் போதாது, எப்ப மூடுறது எண்டும் தெரியவேணும்.”

2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்ததாலேயே இறந்தார்கள் என்று முதலில் கூறப்பட்டது. ‘சுடர் ஒளி’ பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் வைத்தியசாலைப் பிணவறைக்குச் சென்று அவ்வுடல்களைப் படமெடுத்தார். தலைகளில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தன. படங்கள் வெளியாகின. கைக்குண்டுக் கதை அதன்பின் நிற்கவில்லை.

ஜனவரி 24 காலை, வேலைக்குச் செல்ல பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சுகிர்தராஜன் சுட்டுக்கொல்லப்பட்டார். முதற்படம் எடுத்து இருபத்திரண்டு நாட்களுக்குள். அவரைக் கொன்றதற்காக இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரும் 2019 ஜூலையில் திருகோணமலை நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர்.

அந்தப் பிணவறையில் நான் நின்றிருந்தால் மூடியைக் கழற்றியிருப்பேனா? இந்தக் கேள்வியைப் பல தடவை என்னிடமே கேட்டிருக்கிறேன். ஆம் என்று உடனே சொல்ல வாய் வருவதில்லை.

சல்லிச் சிறுவனுக்கு நான் இதில் பாதியைத்தான் சொன்னேன். எண்ணி எண்ணிப் படமெடுத்த கதை அவனுக்குப் பிடித்திருந்தது. மூடியைத் தன் உள்ளங்கையில் வைத்து மூடி, “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்று எண்ணித் திறந்து பார்த்தான். பானை பொங்குகிறது என்று அவனுடைய தாயார் கூப்பிட்டார். மூடியை என் கையில் தந்துவிட்டு ஓடினான்.