பழைய சங்கிலி ரம்பங்கள்: பழுதுநீக்கமும் உதிரிபாகங்களும்

தயாரித்த நிறுவனம் மறைந்துவிட்ட அல்லது உதிரிபாகம் தருவதை நிறுத்திவிட்ட, பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் கைப்பொறிகளே இங்குப் பழைய சங்கிலி ரம்பங்கள் எனப்படுகின்றன. பேச்சு வழக்கில் இவை செயின்சா. பழுதுபார்ப்போரிடம் வருபவற்றில் மிகப் பல 1950களுக்கும் 1980களுக்கும் இடையே அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, சுவீடன் ஆகிய நாடுகளில் செய்யப்பட்டவை. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினும் மக்னீசிய வார்ப்பு உடலும் கொண்டவை. இவற்றின் கிராங்க், கனெக்டிங் ராடு, வார்ப்புகள் ஆகியவை நனையாமல் இருந்தால் அரை நூற்றாண்டு கழித்தும் உறுதியாக இருக்கும். கெட்டுப்போவது ரப்பர், டயாஃப்ரம், ஆயில் சீல், பிஸ்டன் ரிங் போன்ற சிறு பாகங்களே. இவற்றை ரம்பத்தின் பெயரைச் சொல்லித் தேடுவோர் பெரும்பாலும் வெறுங்கையுடன் திரும்புகின்றனர். பாகத்தைச் செய்தவர் யார், அதன் அளவு என்ன என்று தேடுவோருக்குக் கிடைத்துவிடுகிறது. இதற்கான காரணம் இத்தொழிலின் வரலாற்றில் உள்ளது.

தோற்றம்

பற்கள் கொண்ட சங்கிலியால் அறுக்கும் முறை முதலில் எலும்புக்காக வந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர்கள் ஜான் எய்ட்கனும் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும் கையால் இழுக்கும் மெல்லிய சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்தினர். 1830இல் ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் ஹைனே, ஒரு தகட்டின் விளிம்பைச் சுற்றிச் சங்கிலி ஓடும்படியும் கைப்பிடியைச் சுழற்றி அதை இயக்கும்படியும் எலும்பு அறுக்கும் கருவி ஒன்றைச் செய்தார். இன்றைய பார் (சங்கிலி சுற்றி ஓடும் தகடு), செயின் அமைப்பின் வடிவம் அதில் தெளிவாகவே இருக்கிறது.

மரத்துக்கான கருவி ஜெர்மனியில் உருவானது. ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1926இல் ஷ்டுட்கார்ட்டில் தொடங்கிய நிறுவனம் மின்மோட்டாரில் ஓடும் ரம்பத்தை வெளியிட்டது. காட்டில் மின்சாரம் கிடையாது என்பதால் அது மரக்கிடங்குகளுக்குள் அடங்கிப்போனது. பெட்ரோல் ரம்பத்தின் காலம் 1927இல் துரிங்கியா மாநிலத்து டோல்மார் மலையில் தொடங்குகிறது. எமில் லெர்ப் அங்கே தமது 58 கிலோ எடையுள்ள, இருவர் தூக்கி இயக்கும் ரம்பத்தைச் சோதித்து, அந்த மலையின் பெயரையே தம் நிறுவனத்துக்குச் சூட்டினார். ஷ்டீலின் பெட்ரோல் ரம்பம் 1929இல் வந்தது. இரண்டாம் உலகப் போரால் ஜெர்மன் வரத்து நின்றதும், வட அமெரிக்க நிறுவனங்கள் இத்துறையில் வேகமாக வளர்ந்தன.

போருக்குப் பின் வந்த மூன்று மாற்றங்கள் இக்கருவியைத் தனியொருவர் கைக்குக் கொண்டுவந்தன. முதலாவது சங்கிலி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம்வெட்டியாக இருந்த ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ், 1946இல் ஒரு மரவண்டின் புழு தன் வளைந்த தாடைகளால் மரத்தை இடமும் வலமுமாகச் சுரண்டித் தின்பதைக் கவனித்தார். அந்தத் தாடையின் வடிவில் அவர் அமைத்த வெட்டுப்பல் சங்கிலியை விற்க 1947இல் போர்ட்லண்டில் தொடங்கிய நிறுவனமே இன்று ஓரிகன் என்ற பெயரில் உலகெங்கும் செயின் விற்கிறது. இரண்டாவது டயாஃப்ரம் கார்புரேட்டர். மிதவை வைத்த பழைய கார்புரேட்டர் சாய்ந்தால் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே எஞ்சினை நிமிர்த்தி வைத்தபடி பாரை மட்டும் திருப்பும் அமைப்பு தேவைப்பட்டது. ரப்பர் சவ்வின் அசைவால் பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டர் வந்ததும், ரம்பத்தை எந்தக் கோணத்திலும் பிடித்து அறுக்க முடிந்தது. மூன்றாவது, பற்சக்கரப் பெட்டி இல்லாமல் கிராங்கிலிருந்தே செயினை ஓட்டுதல். 1959இல் வெளிவந்த ஷ்டீல் கான்ட்ரா இவ்வகையில் உலகெங்கும் பரவிய ரம்பம்.

நிறுவனங்களின் நிலை

அமெரிக்க நிறுவனங்களில் மெக்கல்லக் தலையாயது. அதன் 1949ஆம் ஆண்டு 3-25 ரம்பம் ஏறத்தாழ 25 பவுண்டு எடையில் ஒருவர் தூக்கக்கூடியதாக இருந்தது. நிறுவனர் ராபர்ட் மெக்கல்லக் அரிசோனாவில் லேக் ஹவாசு என்ற புது ஊரை உருவாக்கி, அங்கே ரம்பத் தொழிற்சாலையை நிறுவி, 1968இல் பழைய லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கி அதன் கற்களைக் கொண்டுசென்று அவ்வூரில் எழுப்பியவர். பாலம் இன்றும் நிற்கிறது. நிறுவனம் 1970களில் பிளாக் அண்டு டெக்கர் கைக்கு மாறி, 1999இல் திவாலானது. பெயர் பின்னர் ஹஸ்க்வர்னாவிடம் போய்ச் சேர்ந்தது. இன்று அப்பெயரில் விற்கும் ரம்பத்துக்கும் பழைய மெக்கல்லக்குக்கும் ஒரு திருகாணிகூடப் பொதுவில்லை.

ஹோம்லைட்டின் கதையும் இதுவே. 1921இல் சார்லஸ் ஃபெர்குசன் வீட்டு மின்விளக்குகளுக்கான ஜெனரேட்டர் செய்யத் தொடங்கிய இந்நிறுவனம், 1960களில் எக்ஸ்எல்-12 என்ற 12 பவுண்டு எஞ்சின் ரம்பத்தால் பண்ணை வீடுகளுக்குள் நுழைந்தது. 1955இல் டெக்ஸ்ட்ரான், 1994இல் ஜான் டீர், அதன் பின் ஹாங்காங்கின் டிடிஐ என உரிமை மாறிக்கொண்டே வந்தது. வான்கூவரில் தோன்றிய பயனியர், 1956இல் அவுட்போர்டு மரீன் நிறுவனத்துக்குப் போய், ஒன்டாரியோவின் பீட்டர்பரோவில் பல ஆண்டுகள் உற்பத்தியாகி, சுவீடனின் எலெக்ட்ரோலக்ஸ் குழுமத்தில் கரைந்தது. அதே குழுமம் ஹஸ்க்வர்னா, யோன்செரெட், பார்ட்னர், பௌலன் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. டோல்மார் 1991இல் ஜப்பானின் மக்கீட்டாவுக்குச் சொந்தமானது. உரிமை மாறும் ஒவ்வொரு முறையும் பழைய மாடல்களின் பாகப் பட்டியல் சுருங்கியது. கிடங்கிலிருந்த இருப்பு மொத்த வியாபாரிகளிடம் போனது. சுவீடன், ஜெர்மன் ரம்பங்களை உயிருடன் வைத்திருப்பது ஓரளவு எளிது. அமெரிக்க ரம்பங்களுக்குக் கடின உழைப்பு தேவை.

பாகத்தின் அடையாளம்

இத்தனை பெயர்களும் உள்ளே திறந்து பார்த்தால் குறைகின்றன. எந்த ரம்பமாக இருந்தாலும் கார்புரேட்டர் பெரும்பாலும் ஒஹாயோவின் டில்லட்சன் அல்லது மிச்சிகனின் வால்புரோ. பேரிங்குகள் 6202, 6203 போன்ற உலகப் பொது எண்களைத் தாங்கியவை. கடைத்தெருவிலுள்ள எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். அதிக வேகத்தில் சுற்றுவதால் சி3 இடைவெளி உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆயில் சீலின் மீது 15×25×5 போல உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் மில்லிமீட்டரில் அச்சிடப்பட்டிருக்கும். அழிந்திருந்தால் வெர்னியரால் அளந்து கொள்ளலாம்.

நிறுவன எண்களைப் படிக்கத் தெரிவதும் உதவும். ஷ்டீலின் பாக எண் 11 இலக்கம் கொண்டது. முதல் நான்கும் மாடல் குடும்பம். 1106 என்றால் 070, 090 ரம்பங்கள். 1110 என்றால் 041. எண் 9இல் தொடங்கினால் அது பேரிங், திருகு போன்ற பொதுத்தரப் பொருள், வெளியிலேயே வாங்கலாம். ஒரே குடும்பத்து ரம்பங்களுக்குள் பாகங்கள் மாற்றிப் பொருந்தும் என்பதால், ஹோம்லைட் எக்ஸ்எல்-12 வைத்திருப்பவர் சூப்பர் எக்ஸ்எல்லையும் தேட வேண்டும். மெக்கல்லக்கின் 10 வரிசை ரம்பங்களும் அவ்வாறே. ஓடாத இன்னொரு ரம்பத்தை எடைக்கு வாங்கிப் பிரிப்பதே பல பாகங்களுக்கு இன்று ஒரே வழி. ஸ்டார்ட்டர் மூடி, ஏர் ஃபில்டர் மூடி, கைப்பிடி போன்ற அந்தந்த ரம்பத்துக்கே உரிய வார்ப்புகள் வேறெங்கும் கிடைக்கா.

கார்புரேட்டர்

ஓடாத பழைய ரம்பங்களில் பெரும்பாலானவற்றின் நோய் கார்புரேட்டரில்தான். உள்ளே இரண்டு சவ்வுகள் உண்டு: ஒன்று கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பால் பெட்ரோலை டாங்கிலிருந்து இழுக்கும் பம்ப், மற்றொன்று நீடில் வால்வைத் திறந்து மூடும் அளவைச் சவ்வு. ஆண்டுகள் கழிந்தால் இவை காய்ந்து விறைத்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் இதை விரைவுபடுத்துகிறது. பழைய பெட்ரோல் குழாய்களையும் அது பிசினாகக் கரைக்கும். இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023இல் அறிமுகமாகி இப்போது பொதுவாகிவிட்டது. ஆகவே இங்கே பழைய ரம்பம் வைத்திருப்போர், வேலை முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைப்பது கட்டாயம்.

சவ்வு, கேஸ்கெட், நீடில் ஆகியவை அடங்கிய கிட் வாங்கும்போது ரம்பத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. கார்புரேட்டர் உடலில் பொறித்த எச்எல், எச்எஸ், டபிள்யூடி, எஸ்டிசி போன்ற எழுத்துகளையும் எண்ணையும் சொல்ல வேண்டும். டில்லட்சன் எச்எல் வகை இன்றும் கிடைப்பதற்கு ரம்பங்கள் காரணமல்ல. மெக்கல்லக் 1959இல் தன் ரம்ப எஞ்சினைக் கோ-கார்ட் பந்தய வண்டிகளுக்கு மாற்றித் தந்ததிலிருந்து அக்கார்புரேட்டர் பந்தயத்திலும் நிலைத்துவிட்டது. பந்தயக்காரர்களின் தேவையால் பழைய மெக்கல்லக்கும் ஹோம்லைட்டும் மூச்சுவிடுகின்றன.

கிட் போடும்போது சவ்வு, கேஸ்கெட் வரிசை மாறாமல் இருப்பதும், நீடிலைத் தாங்கும் நெம்பு சரியான உயரத்தில் இருப்பதும் முக்கியம். நெம்பு உயர்ந்தால் பெட்ரோல் வழியும். தாழ்ந்தால் வேகம் கூட்டும்போது எஞ்சின் அணையும்.

பற்றவைப்பு, அழுத்தம், பிஸ்டன்

1970களுக்கு முந்தைய பல ரம்பங்களில் ஃபிளைவீலின் அடியில் பாயிண்டும் கண்டென்சரும் இருக்கும். ஸ்பார்க் வரவில்லை என்றவுடன் காயிலை மாற்ற வேண்டியதில்லை. பாயிண்டின் முகத்தில் படிந்த துருவை நுண்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.4 மி.மீ. அளவில் வைத்தாலே பெரும்பாலும் சரியாகும். கண்டென்சர் செத்திருந்தால், பாயிண்டையும் சேர்த்து நீக்கிவிட்டுச் சிறிய எலெக்ட்ரானிக் மாட்யூல் பொருத்தலாம். ஃபிளைவீல் சாவி வெட்டுண்டால் டைமிங் மாறிவிடும் என்பதால் அதையும் கழற்றிப் பார்க்க வேண்டும். கிளட்ச் பெரும்பாலும் கடிகார முள் செல்லும் திசையில் திருப்பினால்தான் கழலும். பிஸ்டன் நகராமல் இருக்க பிளக் துளை வழியாகக் கயிற்றைத் திணிப்பது பட்டறை வழக்கம். சிலிண்டர் சுவரின் துளைகளான போர்ட்டுகளைப் பிஸ்டன் கடந்து மேலேறிய பிறகே திணிக்க வேண்டும். இல்லாவிட்டால் கயிறு போர்ட்டில் சிக்கும்.

ஸ்டார்ட் ஆன ரம்பம் சில நிமிடத்தில் தாறுமாறாக வேகமெடுத்தால் எங்கோ காற்று நுழைகிறது: வெடித்த இன்டேக் ரப்பர் அல்லது கிராங்க் சீல். காற்று கூடினால் எண்ணெய் குறையும், பிஸ்டன் உருகிச் சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். எனவே புது பிஸ்டன் போடுமுன் எஞ்சினின் வாய்களை அடைத்து, 0.5 பார் அழுத்தமும் வெற்றிடமும் கொடுத்துச் சோப்புநீரால் கசிவு பார்ப்பது தவறக் கூடாத சோதனை. பிஸ்டனை மாற்றிவிட்டுச் சீலை விட்டுவைப்பவர் அதே பிஸ்டனை மீண்டும் வாங்குவார்.

குரோம் அல்லது நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சுள்ள அலுமினியச் சிலிண்டரை ரீபோர் செய்ய முடியாது. நிக்கல் பூச்சின் மேல் ஒட்டிய அலுமினியத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கரைத்தெடுக்கலாம். பூச்சு பெயர்ந்த இடத்தில் பட்டால் சிலிண்டரையே அமிலம் தின்றுவிடும், கண்ணாடியும் கையுறையும் இன்றி அதைத் தொடவே கூடாது. பிஸ்டன் நல்ல நிலையில் இருந்து ரிங் மட்டும் தேய்ந்திருந்தால் வேறொரு ரம்பத்தின் ரிங்கோ மொபெட் ரிங்கோ பொருந்தலாம். விட்டம், தடிமன், முனைகளை நிறுத்தும் ஊசி (பின்) இருக்கும் இடம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். இத்தாலியின் மீட்டியோர் பிஸ்டன்களும் கேபர் ரிங்குகளும் ஒரிஜினலுக்கு ஈடானவை. சீன நகல்கள் மலிவானவை. அவற்றின் ஆயில் சீலும் இன்டேக் ரப்பரும் நம்பத்தக்கவையல்ல.

செயின் விஷயத்தில், பழைய 7/16, 1/2 அங்குலப் பிட்ச்கள் (கண்ணி இடைவெளிகள்) நடைமுறையில் மறைந்துவிட்டன. ஸ்ப்ராக்கெட்டை மாற்றி 3/8 அல்லது 0.404 அங்குலத்துக்குக் கொண்டுவருவதே வழி.

எண்ணெய்க் கலவை

பழைய ரம்பத்தின் டாங்கில் 16:1 (பெட்ரோல்:எண்ணெய்) என்று எழுதியிருப்பது அக்கால மோட்டார் எண்ணெய்க்குரியது. இக்கால இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய்க்கு 32:1 சரியான கலவை.

பாதுகாப்பு

பழைய ரம்பங்கள் பலவற்றில் செயின் பிரேக் இல்லை. பார் முனை மரத்தில் பட்டு எகிறினால் நிறுத்த எதுவுமில்லை. அதிர்வு தாங்கும் அமைப்பு இல்லாதவற்றை நாள் முழுதும் இயக்கினால் விரல்களில் இரத்த ஓட்டம் கெட்டு அவை வெளுக்கும் நோய் வரும். பழுதுநீக்கிய ரம்பத்தைக் கூலி வேலைக்குக் கொடுக்கக் கூடாது.

இன்றைய நிலை

106 சிசி ஷ்டீல் 070 ரம்பத்துக்குச் சீனப் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. 2024 மாடல் ஆண்டு முதல் கலிஃபோர்னியாவில் புதிய பெட்ரோல் சங்கிலி ரம்ப விற்பனை கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஏற்கெனவே உள்ளவற்றைப் பயன்படுத்தவும் பழுதுபார்க்கவும் அங்கே தடையில்லை.