கோபர்க் கொடியின் கறுப்பு முகம்

ஐரோப்பியக் கொடியொன்றில் ‘மூர்’ தலையைக் கண்டால் நம் உள்ளம் உடனே அந்தலூஸை நினைத்துக்கொள்கிறது. சார்டினியத் தீவின் கொடியில் அத்தகைய தலைகள் நான்கு உள்ளன. போரில் வீழ்ந்த முஸ்லிம் அரசர்களின் தலைகள் என்றே அவற்றைப் பற்றிக் கதை வழங்குகிறது. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துச் சிறு நகரமான கோபர்க்கின் சின்னத்தையும் அவ்வாறே கொள்வது பிழையாகும்.

கறுப்பும் மஞ்சளும் அந்நகரின் நிறங்கள். மஞ்சள் கேடயத்தில் காதணி அணிந்த கறுப்பு மனிதரின் தலை. அவர் மொரீஷியஸ் என்னும் கிறிஸ்தவப் புனிதர், நகரின் காவலர். எகிப்தின் தீப்ஸிலிருந்து வந்த ரோமப் படைத்தலைவரான அவர், தம் சமயத்தாரைக் கொல்லுமாறு பேரரசர் இட்ட ஆணையை மறுத்து, தம் வீரர்களோடு உயிர்நீத்தார் என்பது அவர்களின் மரபு. அது நடந்ததாகக் கூறப்படும் காலம் 3ஆம் நூற்றாண்டின் இறுதி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் முந்தையது. வெட்டப்பட்ட பகைவனின் தலையன்று, வணங்கப்பட்டவரின் முகம்.

இதை நன்கு உணர்ந்திருந்தவர்கள் நாஜிகளே. 1929இல் நாஜிக் கட்சி நகரமன்றத்தில் அறுதிப் பெரும்பான்மை பெற்ற முதல் ஜெர்மானிய நகரம் கோபர்க். ஆப்பிரிக்கர் ஒருவர் தம் நகரின் காவலராக நிற்பதை இனவெறியர்கள் எங்ஙனம் பொறுப்பர்? 1934இல் அம்முகத்தை அகற்றி, வாளையும் ஸ்வஸ்திகாவையும் பொறித்தனர். 1945இல் அவர்களின் ஆட்சி வீழ்ந்ததும் பழைய முகம் மீண்டது.

‘மூர்’ என்ற சொல்லின் பயணமும் நமக்கு அயலானதன்று. வட ஆப்பிரிக்க மக்களைக் குறித்த இலத்தீன் சொல் அது. போர்த்துக்கீசியர் அதனை முஸ்லிம்கள் அனைவருக்கும் சூட்டினர், இலங்கைக்கும் கொண்டுவந்தனர். அங்குள்ள சோனகர் இன்றும் அரசாங்கக் குடிமதிப்பில் ‘மூர்’ என்றே எழுதப்படுகின்றனர். ஜெர்மன் மொழியிலோ அச்சொல் சமயத்தை விட்டு நிறத்தைப் பற்றிக்கொண்டது.

2020இல் அச்சின்னத்தை நீக்கக் கோரி மனு எழுந்தது. அதைக் காக்கக் கோரி மறுமனுவும் எழுந்தது. நாஜிகள் அழித்ததை மீண்டும் அழிப்பதா என்ற வாதம் வலுவானதே. ஆயினும் தடித்த உதடுகளும் காதணியுமாக வரையப்பட்டிருப்பது ஒரு மனிதரின் முகத்தைவிட, கறுப்பர் எப்படி இருப்பர் என்ற ஐரோப்பியக் கற்பனையையே அதிகம் காட்டுகிறது என்பதை நாம் மறுக்க இயலாது. மதிப்பும் இழிவும் ஒரே கோட்டில் வரையப்பட்டுள்ளன.

சின்னம் நீடிக்கிறது. நகரமன்றத்தில் மட்டுமன்று, தெருக்களின் சாக்கடை மூடிகளிலும் அதே முகத்தை வார்த்திருக்கிறார்கள். மக்கள் அதன்மேல் நடந்து செல்கிறார்கள்.