சொல்லுக்குள் ஒளிந்த நாள்: கலிநாள் வாசகங்களை அவிழ்த்தலும் ஐயுறலும்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது உதியன்குளங்கரை. அதற்குத் தென்கிழக்கே, இன்று குமரி மாவட்டத்தில் இருப்பவை முன்சிறையும் பார்த்திவபுரமும். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை இவற்றைப் பிரிக்கும்வரை இவை அனைத்தும் ஒரே திருவிதாங்கூரின் ஊர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் இந்நிலப்பகுதி ஆய் மன்னர்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் முன்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றாகப் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் ஒரு விஷ்ணு கோயிலை எடுத்தான். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 பேர் பயிலத்தக்க ஒரு சாலையையும் அங்கே நிறுவினான். இச்செய்தியைத் தரும் செப்பேடு பின்னாளில் திருவனந்தபுரம் ஹுசூர் அலுவலகத்தில் இருந்தது. து. அ. கோபிநாத ராவ் அதைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார்.

காலக்கணக்கு ஆய்வாளர்க்கு இச்செப்பேடு அரியதொரு பொருள். கலியுகம் தொடங்கியதிலிருந்து கழிந்த நாள்களின் எண்ணிக்கையை அது எண்ணுப்பெயர்களாலேயே வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த எண் 14,49,087. கலியுகத் தொடக்கத்தைக் கி.மு. 3102 பிப்ரவரி 18 எனக் கொண்டு எண்ணினால், இது கி.பி. 866 ஜூலை 8ஆம் நாளாகிறது. இங்கே அவிழ்க்க வேண்டிய புதிர் ஏதுமில்லை. கூட்டலும் கழித்தலும் அறிந்த எவரும் விடையை அடையலாம்.

இதே நாட்டின் ஏடுகளில் கலிநாளைக் குறிக்கும் வேறொரு முறையும் உண்டு. அதில் எண் வெளியே தெரியாது. பொருளுள்ள ஒரு சொற்றொடருக்குள் ஒளிந்திருக்கும். அதன் பெயர் கடபயாதி. க முதலாக ஒன்பது மெய்களுக்கும் ட முதலாக ஒன்பது மெய்களுக்கும் 1 முதல் 9 வரை மதிப்பு. ப முதலாக ஐந்துக்கு 1 முதல் 5. ய முதலாக எட்டுக்கு 1 முதல் 8. ஞ, ன ஆகியவற்றுக்கும் தனித்து நிற்கும் உயிருக்கும் சுழியம். கூட்டெழுத்தில் உயிரை ஏந்தும் இறுதி மெய்யே கணக்கில் வரும். உயிரற்ற மெய் கணக்கில் வராது. கிடைத்த இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கி.பி. 683ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹரிதத்தரின் கிரகசாரநிபந்தனத்தில் இம்முறை காணப்படுகிறது. செப்பேட்டுக்கு மூன்றாண்டுகள் பிற்பட்ட 869இல் சங்கரநாராயணர் எழுதிய லகுபாஸ்கரீய விவரணத்திலும் இது கையாளப்படுகிறது. ஆகவே வெளிப்படையான எண்ணும் மறைத்த எண்ணும் ஒரே காலத்தில், ஒரே கல்விச்சூழலில் வழங்கியவை.

இக்காலக் குறுக்கெழுத்துப் பிரியர்க்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது. 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் நியூயார்க் வேர்ல்டு இதழில் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்து நேரான பொருள் கேட்பதாகவே இருந்தது. 1926 முதல் லண்டன் அப்சர்வர் இதழில் டார்க்குமாடா என்ற புனைபெயரில் எழுதிய எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் மறைகுறிப்பு வகையை நிலைநிறுத்தினார். பின்னர் சிமெனிஸ் என்ற புனைபெயர் கொண்ட மெக்நட் அதற்கு இலக்கணம் வகுத்தார். நல்ல குறிப்பில் விடையின் பொருளுரை ஒன்று, விடைக்கு இட்டுச்செல்லும் சொல்விளையாட்டு ஒன்று என இரு கூறுகளே இருக்கலாம். இரண்டும் ஒரே விடையில் வந்து முடிய வேண்டும்.

தமிழிலும் இவ்வகை உண்டு. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில் வரும் ‘எட்டேகால்’ அதற்குச் சான்று. தமிழ் எண்குறியில் எட்டு ‘அ’, கால் ‘வ’. இரண்டும் சேர்ந்தால் ‘அவ’. அடுத்து வரும் சொல்லோடு இணையும்போது அது வசையாகிறது. அப்பாடல் எமனின் ஊர்தி என்று சொல்லி எருமையையும், திருமகளின் தமக்கையின் ஊர்தி என்று சொல்லிக் கழுதையையும் குறிக்கிறது. ஒரு குறிப்பை அவிழ்த்தவர்க்கு மற்றவை அதே திசையைக் காட்டுவதால் விடை உறுதிப்படுகிறது.

கலிநாள் வாசகத்தில் புகழ்பெற்றது மேல்புத்தூர் நாராயண பட்டதிரி நாராயணீயத்தின் முடிவில் வைத்த ‘ஆயுராரோக்யஸௌக்யம்’. ஆ 0, யு 1, ரா 2, ரோ 2, க்ய 1, ஸௌ 7, க்யம் 1. திருப்பிப் படித்தால் 17,12,210. இது கொல்லம் ஆண்டு 762 விருச்சிகம் 28, அதாவது கி.பி. 1586இன் இறுதிப்பகுதி. நோய் நீங்கக் குருவாயூரில் நூல் பாடியவர் என மரபு கூறும் ஆசிரியர், நீண்ட ஆயுளையும் நலத்தையும் வேண்டி முடிக்கிறார். அந்த வேண்டுதலே நூல் முற்றுப்பெற்ற நாளாகவும் இருக்கிறது. பொருளும் எண்ணும் ஒன்றாகப் பொருந்துகின்றன. அதனினும் முதன்மையானது, அச்சொல் நூலின் உள்ளேயே இருப்பது.

தமிழ் எழுத்தில் மட்டும் படிப்பவர்க்கு இங்கே ஓர் இடர் உண்டு. தமிழின் ஒரே ‘க’ வடமொழியின் நான்கு ஒலிகளுக்கு நிற்கிறது. கடபயாதியிலோ அந்நான்கின் மதிப்பும் 1, 2, 3, 4 என வேறுபடும். இசை மாணவர் அறிந்த 72 மேளகர்த்தா வரிசையே இதற்குச் சான்று. கனகாங்கி 1ஆவது மேளம், கானமூர்த்தி 3ஆவது, கரஹரப்பிரியா 22ஆவது. மூன்றும் தமிழில் ஒரே ககரத்தில் தொடங்குகின்றன; மூல ஒலி தெரியாமல் எண்ணைப் பெற வழியில்லை. அவ்வரிசையில் விதியும் நெகிழ்கிறது. ரத்னாங்கியில் கூட்டெழுத்தின் இறுதி மெய்யைக் கொண்டால் 2 கிடைக்கிறது. சக்ரவாகத்துக்கோ முதல் மெய்யைக் கொண்டால்தான் அதற்குரிய 16 வரும். இறுதி மெய்யைக் கொண்டால் 26 ஆகிவிடும். விடை முன்பே தெரிந்திருப்பதால் படிப்பவர் விதியை அதற்கேற்ப வளைத்துக்கொள்கிறார். மேளகர்த்தாவில் இதனால் தீங்கில்லை, ஏனெனில் அங்கே வரிசை எண் ஐயத்துக்கு இடமின்றி உள்ளது. வரலாற்றில் அவ்வாறு முன்கூட்டித் தெரிந்த விடை இல்லை.

‘ஆசார்யவாகபேத்யா’ என்ற வாசகத்தில் இவ்வேறுபாடு கூர்மையாகத் தெரியும். ‘ஆசாரியரின் வாக்கு மீறத்தகாதது’ என்பது அதன் பொருள். ஆ 0, சா 6, ர்ய 1, வா 4, க 3, பே 4, த்யா 1. திருப்பினால் 14,34,160. பார்த்திவபுரச் செப்பேட்டின் நாளுக்கு 14,927 நாள் முற்பட்டது, கி.பி. 825 ஆகஸ்ட் 25. கொல்லம் ஆண்டு தொடங்கிய ஆண்டும் அதுவே. சங்கரர் கேரளத்துக்கு ஒழுக்கவிதிகளை வகுத்த நாள் இது என மரபு உரைக்கிறது. கணக்கில் பிழையில்லை, பொருளும் மரபோடு இசைகிறது. இவ்விசைவு ஒன்றையே கொண்டு சங்கரரின் காலத்தையும் கொல்லம் ஆண்டின் தோற்றத்தையும் முடிவுசெய்ய முனைவது எளிது.

ஆனால் வாசகம் எவ்வளவு எளிதில் ஆக்கத்தக்கது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 14,34,160இல் சுழியம் நீங்கலாக ஆறு இலக்கங்கள். அவற்றுள் 1, 4, 3, 4, 1 ஆகிய ஐந்துக்கும் தலா நான்கு மெய்கள் உண்டு; 6க்கு மூன்று. ஆக 4×4×4×4×4×3 = 3,072 மெய்ச்சட்டகங்கள். ஒவ்வொன்றிலும் விரும்பிய உயிரை ஏற்றலாம், கூட்டெழுத்தின் முன்மெய்யை விருப்பம்போல் சேர்க்கலாம். நாள் தெரிந்த புலவர் எத்தனை நூற்றாண்டு கழித்தும் அந்நாளுக்கு ஏற்ற புகழ்ச்சொல்லை ஆக்கிவிட முடியும். எனவே வாசகம் காட்டுவது ஒரு நாளை மட்டுமே. தான் ஆக்கப்பட்ட நாளை அது காட்டுவதில்லை. அந்நாளில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சிக்கும் அது சான்றாகாது. கொல்லம் ஆண்டின் தொடக்கம் நன்கு அறியப்பட்டிருந்த எந்தக் காலத்திலும் இத்தொடர் பிறந்திருக்கலாம்.

குறுக்கெழுத்தில் ஒரு விடை சரியா என்பதை அதன் குறிப்பு மட்டும் உறுதிசெய்வதில்லை. குறுக்கே வரும் சொற்களின் எழுத்துகளும் அதை உறுதிசெய்கின்றன. பார்த்திவபுரச் செப்பேட்டுக்கு அத்தகைய குறுக்குச்சொற்கள் பல: எழுத்தமைதி, அரசன் பெயர், முன்சிறைச் சபை, நிலத்தின் எல்லைகள். நாராயணீயத்தின் வாசகத்துக்கு நூலே கட்டமாக அமைகிறது. ஆசாரியர் வாசகமோ கட்டமின்றித் தனியே நிற்கும் குறிப்பு. அதை அவிழ்க்கும் இன்பம் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் கலிநாள் வாசகம் ஒன்றைக் காணும் மாணவர், எண்ணைக் கணக்கிட்ட பின், அவ்வாசகம் எந்த நூலில், எந்த ஏட்டில், எக்காலத்தில் முதன்முதலாகத் தோன்றுகிறது என்று கேட்க வேண்டும். அவ்வினாவுக்கு விடை கிடைக்கும்வரை அவர் கையில் இருப்பது பிழையற்ற கணக்கு மட்டுமே, வரலாறு ஆகாது.