எங்க வேணா உக்காருங்க: பட்ஜெட் விமானத்தின் சீட்டும் பையும்

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. ஃப்ளைட் டிக்கெட் வாங்குறீங்க. அந்த விலைக்குள்ள என்னென்ன அடக்கம்? நீங்க அடக்கம், சரி. உங்க பை? உங்க பக்கத்துல உங்க அம்மா உட்கார்ற உரிமை? புக்கிங் பண்ணும்போது ஒவ்வொரு ஸ்க்ரீனா வந்து "சீட் வேணுமா, பை வேணுமா"ன்னு கேக்குதே, இந்தப் பழக்கம் எங்க இருந்து வந்துச்சு?

பதில் தேடிப் போனா டெக்சாஸ் மாநிலத்துக்குப் போகணும். 1971-க்கு.

அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பறக்க வேண்டுமென்றால், எந்த ரூட், என்ன கட்டணம் என்பதை அரசாங்க வாரியம் ஒன்று முடிவு செய்யும். நினைத்த விலைக்கு டிக்கெட் விற்க முடியாது. ஆனால் ஒரே மாநிலத்துக்குள் பறந்தால் அந்த வாரியத்துக்கு அதிகாரம் கிடையாது. டெக்சாஸ் எவ்வளவு பெரிய மாநிலம் என்று மேப்பில் பாருங்க. ரோலின் கிங், ஹெர்ப் கெல்லஹர் என்ற இரண்டு பேர் இந்த ஓட்டையைப் பிடித்தார்கள். டல்லஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ, மூன்றே ஊர். கம்பெனி பேர் சவுத்வெஸ்ட். 1967-லேயே பதிவு செய்துவிட்டார்கள். ஆனால் பிரானிஃப் மாதிரியான பழைய கம்பெனிகள் கோர்ட்டுக்கு இழுத்ததில், முதல் விமானம் கிளம்ப 1971 ஜூன் 18 ஆகிவிட்டது. கெல்லஹர் அடிப்படையில் ஒரு வக்கீல். கம்பெனி பிழைத்ததற்கு அது பெரிய காரணம்.

கோர்ட்டில் ஜெயித்தாச்சு, கையில் காசு இல்லை. மூன்று போயிங் 737-ஓட ஆரம்பித்து, நாலாவதாக ஒன்று வந்தது. 1972-ல் சம்பளம் போடவே தடுமாற்றம். ஒன்று ஆட்களைக் குறைக்கணும், இல்லையென்றால் ஒரு விமானத்தை விற்கணும். விமானத்தை விற்றார்கள். ஆனால் டைம்டேபிளைக் குறைக்கவில்லை. நாலு விமானம் பார்த்த வேலையை மூன்று விமானம் பார்க்கணும். அதற்கு ஒரே வழிதான்: தரையில் நிற்கிற நேரத்தை வெட்டுவது. பில் ஃப்ராங்க்ளின் என்ற தரைப்பணி அதிகாரி, கேட்டுக்கு வந்த விமானம் பத்தே நிமிஷத்தில் திரும்பக் கிளம்பணும் என்றார். அதற்குள் ஆட்கள் இறங்கணும், சாமான் இறக்கணும், புது ஆட்கள் ஏறணும், புது சாமான் ஏத்தணும். பத்து நிமிஷம்! நம்ம ஊர்ல டீக்கடையில பஸ் நின்னா கூட அதைவிட அதிக நேரம் நிக்கும்.

"எங்க வேணா உக்காருங்க" என்பது இந்தப் பத்து நிமிஷத்துக்கு அச்சாணி மாதிரி. சீட் நம்பர் கிடையாது. கையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுப்பார்கள், அதில் வரிசை எண் மட்டும் இருக்கும். ஏறின உடனே திரும்ப வாங்கி, அடுத்த ஃப்ளைட்டுக்கு அதையே பயன்படுத்துவார்கள். முதலில் வந்தவர் பிடித்த இடத்தில் உட்காரலாம். நம்ம ஊர் பஸ்ல ஜன்னல் வழியா கர்ச்சீஃப் போட்டு இடம் பிடிக்கிற அதே பொருளாதாரம்தான்.

இது வேகமா ஏத்தும்னு சொல்றது உண்மையான்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. இஞ்சினியர் புத்தி. தேடினா, ஜேசன் ஸ்டெஃபன் என்ற வானியற்பியல் விஞ்ஞானி இதையே ஆராய்ச்சி பண்ணி வெச்சிருக்கார். ஏர்போர்ட்டில் வரிசையில் நின்ற எரிச்சலில், விமானத்தில் ஆட்களை எந்த வரிசையில் ஏத்தினால் வேகம் என்று கணினி சிமுலேஷன் போட்டு 2008-ல் வெளியிட்டார். பிறகு ஒரு மாதிரி விமான கேபினில் 72 பேரை வைத்து நிஜமாகவே ஏற்றிப் பார்த்தார்கள். வரிசைகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து ஏற்றினால் 6 நிமிஷம் 54 விநாடி. எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தபடி ஏற்றினால் 4 நிமிஷம் 44 விநாடி! ஸ்டெஃபன் சொன்ன முறையில் 3 நிமிஷம் 36 விநாடி. அதில் ஜன்னல் சீட்டுக்காரர்கள் முதலில், அதுவும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக ஏறுவார்கள்.

நம்ம ஃபீல்டுல இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். நடைபாதை ஒரே ஒரு ஆள் போற அகலம். ஒருத்தர் நின்னு பையை மேல தூக்கி வெக்கிற வரைக்கும் பின்னாடி எல்லாரும் காத்திருக்கணும். சாஃப்ட்வேர்ல லாக் போட்ட ரிசோர்ஸ் மாதிரி. ஒரே ஏரியாவுக்கு பத்து பேரை ஒண்ணா அனுப்பினா எல்லாரும் அதே லாக்குக்கு அடிச்சுக்குவாங்க. பரவலா அனுப்பினா ஒரே நேரத்துல அஞ்சாறு பேர் பையை ஏத்த முடியும். ஆக, பயணம் தாமதமாவது மனிதர்களால் அல்ல, பையால். இதை மனசுல வெச்சுக்கோங்க, கதை இங்கதான் திரும்பப் போகுது.

சவுத்வெஸ்ட் பையை இலவசமாகவே வைத்திருந்தது. பெரிய பையைக் கீழே சரக்குப் பகுதியில் போட்டுவிட்டு ஆள் கையை வீசிக்கொண்டு ஏறினால், நடைபாதை சும்மா ஓடும். 1973-ல் கம்பெனி முதல் லாபம் பார்த்தது. அந்த வருஷம் பிரானிஃப் போட்டிக்குக் கட்டணத்தைப் பாதியாக, 13 டாலராகக் குறைத்தது. சவுத்வெஸ்ட் என்ன செய்தது தெரியுமா? நீங்களும் 13 டாலர் கொடுக்கலாம், இல்லை முழு 26 டாலர் கொடுத்து ஒரு பாட்டில் மது இலவசமா வாங்கிக்கலாம் என்றது. ஆபீஸ் செலவில் பறக்கிறவர்கள் 26 கொடுத்து பில்லை கம்பெனிக்கும் பாட்டிலை வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். மனித மனத்தைப் படிச்சவங்கய்யா.

அடுத்து அயர்லாந்து. 1985-ல் ரையன்ஏர் ஆரம்பித்தபோது அவர்களிடம் இருந்தது 15 பேர் உட்கார்கிற குட்டி விமானம். கூரை அவ்வளவு தாழ்வு, பணிப்பெண்கள் 5 அடி 2 அங்குலத்துக்குள் இருக்கணும் என்று விதி. சில வருஷத்தில் நஷ்டம் கழுத்தை நெரிக்க, மைக்கேல் ஓ'லியரி என்ற அக்கவுன்டன்ட்டை டெக்சாஸுக்கு அனுப்பி, கெல்லஹர் எப்படி நடத்துகிறார் என்று பார்த்து வரச் சொன்னார்கள். ஒரே மாடல் விமானம், சீக்கிரம் திரும்பிக் கிளம்புவது, இலவச சாப்பாடு இல்லை, எல்லாம் கற்றுக்கொண்டு வந்தார். இலவசப் பையை மட்டும் ரொம்ப நாள் வைத்திருக்கவில்லை.

ஓ'லியரியின் சிக்கனம் ஒரு தனி ரசனை. 2004 வாக்கில் வந்த புது விமானங்களில் சாயாத சீட், முன் சீட்டுக்குப் பின்னால் பை கிடையாது. பை இருந்தால் குப்பை சேரும், குப்பை சேர்ந்தால் சுத்தம் பண்ண நேரம் ஆகும். பாதுகாப்பு அட்டையை சீட்டின் முதுகிலேயே ஒட்டிவிட்டார்கள். சீட் எண்ணிக்கையிலும் ஒரு கணக்கு இருக்கு. ஐரோப்பாவில் 50 சீட்டுக்கு ஒரு பணியாளர் இருக்கணும். ரையன்ஏர் வாங்கின 737 மேக்ஸ் வகையில் 197 சீட். நாலு பேர் போதும். 200-ஐத் தாண்டினால் அஞ்சாவது ஆளுக்குச் சம்பளம்.

2006-ல் ரையன்ஏர் சரக்கில் போடுகிற பைக்குக் காசு கேட்க ஆரம்பித்தது. இணையத்தில் முன்கூட்டியே கட்டினால் ஒரு பைக்கு 2.50 பவுண்ட், ஏர்போர்ட்டில் 5 பவுண்ட். அந்தக் காசைவிட முக்கியம், பையே கொண்டுவராமல் பண்ணுவதுதான் நோக்கம். பை இல்லை என்றால் கவுன்டர் வேண்டாம், கவுன்டர் ஆள் வேண்டாம், பையை ஏற்றுகிற ஆளும் குறைவு. 2008-ல் எண்ணெய் விலை எகிறியபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பைக்கே 15 டாலர் போட்டது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். இன்றைக்கு அமெரிக்க விமான கம்பெனிகள் பைக் கட்டணத்தில் மட்டும் வருஷத்துக்கு 700 கோடி டாலர் அளவுக்குச் சம்பாதிக்கின்றன.

மக்கள் என்ன பண்ணாங்க? பைக்கு காசா, அப்ப கையோட கொண்டுபோறேன்னு சொன்னாங்க. அதற்கு வசதியாக சாமானும் தயாராக இருந்தது. ராபர்ட் பிளாத் என்ற அமெரிக்க விமானி 1987-ல் சூட்கேஸை நிமிர்த்தி, இரண்டு சக்கரமும் நீட்டக்கூடிய கைப்பிடியும் வைத்திருந்தார். விமானப் பணியாளர்களுக்காகப் பண்ணியது, பிறகு உலகமே இழுத்துக்கொண்டு திரிந்தது. எல்லாப் பையும் கேபினுக்குள் வந்தது. மேலே இடம் இல்லை. நடைபாதை அடைத்தது. பத்து நிமிஷம் எல்லாம் கனவு.

இப்ப யோசிச்சுப் பாருங்க. கீழ போட்ட பைக்கு காசு கேட்டதால மேல நெரிசல். அதைத் தீர்க்க ஸ்பிரிட் என்ற அமெரிக்க கம்பெனி 2010-ல் கேபின் பைக்கும் காசு போட்டது. ஐரோப்பாவில் ரையன்ஏர் 2018 நவம்பரில் அதே வழிக்கு வந்தது: சீட்டுக்கு அடியில் போகிற சின்னப் பை மட்டும் இலவசம், சக்கரப் பைக்குக் காசு. தாங்களே உண்டாக்கின பக்-ஐ சரிபண்ண தாங்களே காசு வாங்கிக்கிட்டாங்க!

இதில் சட்டமும் நுழைந்தது. ஸ்பெயினிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போன பயணிகளிடம் வ்யூலிங் கம்பெனி இரண்டு பைகளுக்கு 40 யூரோ கூடுதலாக வாங்கியது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2014 செப்டம்பரில் தீர்ப்பு: சரக்கில் போடுகிற பைக்குத் தனிக் கட்டணம் வாங்கலாம், அது இல்லாமலும் பயணம் நடக்கும். ஆனால் நியாயமான எடை, அளவுக்குள் இருக்கிற கைப்பை பயணத்தின் தவிர்க்க முடியாத பகுதி, அதற்குக் காசு கேட்கக்கூடாது. சரி, "நியாயமான அளவு" எவ்வளவு சென்டிமீட்டர்? அதை நீதிமன்றம் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் பத்து வருஷமா சண்டை. 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு இதற்காகவும் சீட் கட்டணத்துக்காகவும் ஐந்து கம்பெனிகளுக்கு 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது. அதில் பாதிக்கு மேல் ரையன்ஏருக்கு.

என் கட்சி என்னன்னு கேட்டா, பைக் கட்டணம் எனக்குப் பெரிய குறையா தெரியல. முதுகுப் பையோட போற ஸ்டூடண்ட், ரெண்டு சூட்கேஸ்காரரோட செலவை ஏன் சுமக்கணும்? ஆனா சீட் விஷயம் வேற. 2014-ல் ரையன்ஏர் இஷ்டத்துக்கு உட்காரும் முறையை நிறுத்தியது. பழைய முறையில் சீக்கிரம் போனால் குடும்பத்தோடு உட்கார வாய்ப்பாவது இருந்தது. புது முறையில் காசு கட்டாதவர்களுக்கு கம்ப்யூட்டர் சீட் கொடுக்கும், பிரிந்து உட்காரலாம். இங்கே விற்கப்படுவது சீட் அல்ல, பிரிந்துவிடுவோமோ என்ற பயம்.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானை ஆரம்பித்தார். 'சூரரைப் போற்று' பார்த்தவங்களுக்கு ஆளைத் தெரியும். இலவசச் சாப்பாடு இல்லை, சீட் நம்பர் இல்லை, சில சீட் ஒரு ரூபாய்க்கு. அவரும் சவுத்வெஸ்ட் பாணிதான். முதல் முறை பறக்கிறவர்கள் பஸ்ஸில் ஏறுவது போலவே ஏறினார்கள், அவர்களுக்கு அது புதுசாகவே இல்லை. இந்தியாவில் 15 கிலோ பை டிக்கெட்டோடு வருவது இன்றும் வழக்கம். ஆனால் 2021-ல், பை இல்லாமல் வருகிறவருக்கு மலிவு டிக்கெட் விற்கலாம் என்று டிஜிசிஏ அனுமதித்தது. 2024-லிருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அப்படி ஒரு டிக்கெட்டை விற்கிறது. கதவு திறந்தாச்சு.

கடைசியா டெக்சாஸ். சவுத்வெஸ்ட் மட்டும் இரண்டு பை இலவசம் என்று விளம்பரமே போட்டு நின்றது. 2024 செப்டம்பரில் முதலீட்டாளர்களிடம் கணக்கும் காட்டியது: பைக்குக் காசு வாங்கினால் வருஷத்துக்கு 150 கோடி டாலர் வரும், ஆனால் 180 கோடி டாலர் மதிப்புள்ள வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள். எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் பங்குகளை வாங்கி அழுத்திக்கொண்டிருந்த நேரம் அது. ஆறு மாசம் கழித்து, 2025 மார்ச்சில் அதே கம்பெனி பைக் கட்டணத்தை அறிவித்தது. மே 28-லிருந்து முதல் பைக்கு 35 டாலர். சீட் விஷயத்தில், எங்கள் பயணிகளில் 80 சதவீதம் பேர் நம்பர் போட்ட சீட்டைத்தான் விரும்புகிறார்கள் என்றார்கள். 2026 ஜனவரி 27 முதல் சவுத்வெஸ்ட்டில் சீட் நம்பர் வந்துவிட்டது. கால் நீட்ட கொஞ்சம் கூடுதல் இடம் உள்ள சீட்டுக்குக் கூடுதல் காசு.